நிறை குறைந்து பிறந்த பிள்ளைக்கு ஏழு வயதில் கழுத்துக் கறுப்பு: ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

லிந்துலை மலர் | திங்கள், இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். நான் இங்கே வாசித்துவிட்டுப் போகிற ஆள். எழுதுவது இதுதான் முதல் தடவை.

என் மகளுக்கு இப்போது ஏழு வயது. மாதம் நிறைந்துதான் பிறந்தாள், 39 வாரம். ஆனால் நிறை 1.94 கிலோ. தலை மற்றப் பிள்ளைகளின் தலை மாதிரித்தான் இருந்தது, உடம்புதான் இல்லை. தொடையில் தோல் மடிந்து மடிந்து, பெரியவர்களின் சட்டையைப் போட்டுவிட்ட மாதிரித் தொங்கியது. அன்று இரவு முழுக்க நர்ஸ் மிஸ் வந்து வந்து குதிகாலில் குத்திச் சீனி பார்த்தார். ஏன் பார்க்கிறார் என்று அப்போது எனக்குத் தெரியாது.

மூன்று வயதுவரை ஒல்லிக்குச்சிதான். வருகிறவர் போகிறவர் எல்லாம் "பிள்ளைக்குச் சாப்பாடு கொடு" என்றே சொன்னார்கள். கொடுத்தேன். கோதுமை மா ரொட்டி, பிஸ்கட், மூன்று கரண்டி சீனி போட்ட பால் தேத்தண்ணி. ஐந்து வயதுக்குப் பிறகு மளமளவென்று நிறை ஏறியது. எங்களுக்கு அவ்வளவு சந்தோஷம். போன மாதம் குளிக்க வார்க்கும்போது பார்க்கிறேன், கழுத்துக்குப் பின்னால் கறுப்பாக ஒரு பட்டை. அழுக்கு என்று நினைத்துத் தேய்த்தேன். அவள் அழுதாள், நான் இன்னும் தேய்த்தேன். டொக்டர் பார்த்துவிட்டு, அது அழுக்கில்லை, உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளம் என்றார். வெறும் வயிற்றில் எடுத்த சீனி அளவு சரி. "வயிற்றில் வளராமல் பிறந்த பிள்ளைகளுக்கு இப்படி வரலாம், நிறையைப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்றார். பின்னால் நீண்ட வரிசை. அதற்கு மேல் கேட்க முடியவில்லை.

வீட்டில் மாமி ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்: "மாசமா இருக்கும்போது ஒழுங்கா சாப்பிடாம மலைக்குப் போன, அதுதான்." எட்டாம் மாதம்வரை தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கப் போனது உண்மை. போகாவிட்டால் பேர் போட மாட்டார்கள், அன்றைய சம்பளம் இல்லை.

பிறந்த நிறைக்கும் ஏழு வயதுக் கழுத்துக்கும் உண்மையிலேயே தொடர்பு இருக்கிறதா? நான் செய்த பிழையா? தெரிந்தவர்கள் நமக்கு விளங்குகிற மாதிரிச் சொல்லுங்கள்.


ஹட்டன் குமரன் | திங்கள், இரவு 10.15

அக்கா, மனசைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். நம்ம ஆட்கள் பரம்பரையாகவே சின்ன உடம்பு. அதோடு நுவரெலியாப் பக்கம் 6,000 அடி உயரம். உயரத்தில் காற்றில் ஒட்சிசன் குறைவு, அதனால் பிள்ளை சின்னதாகத்தான் பிறக்கும் என்று வாசித்திருக்கிறேன். இதை நோய் மாதிரிப் பேசுவதே சரியில்லை என்பது என் எண்ணம்.


பேராதனை வாசகன் | செவ்வாய், காலை 5.50

மலர் அக்கா, நான் குழந்தை மருத்துவத்தில் மேற்படிப்புப் படிக்கிறேன். மகளைப் பார்க்காமல் மருத்துவம் சொல்வது முறையில்லை, ஆய்வுகளைப் பற்றிச் சொல்கிறேன். இரவுக் கடமை முடிந்து எழுதுகிறேன், நீளமாக இருக்கும்.

முதலில், சின்னப் பிள்ளை எல்லாம் வளர்ச்சி தடைப்பட்ட பிள்ளை இல்லை. குமரன் சொன்னதில் இவ்வளவு சரி. அம்மாவும் அப்பாவும் சிறிய உடல்வாகு என்றால் பிள்ளையும் சிறிதாக, நல்ல சுகத்தோடு பிறக்கலாம். கருவளர்ச்சித் தடை என்பது வேறு: இன்னும் வளர வேண்டிய பிள்ளை, வழி இல்லாமல் நின்றுவிடுவது. தலை அளவாக, உடம்பு மட்டும் வற்றிப்போய், தோல் தொங்கியது என்று எழுதினீர்களே, அது இந்த இரண்டாவது வகையின் படம். வருகிற இரத்தம் குறையும்போது சிசு அதை மூளைக்குத் திருப்பிவிடுகிறது. ஈரல், தசை, சிறுநீரகம், சதையி (கணையம்) எல்லாம் மிச்சத்தில் வாழ வேண்டும்.

வழி அடைபடுவது பெரும்பாலும் நஞ்சுக்கொடியில், பாடப்புத்தகத்தில் சூல்வித்தகம் என்று படித்தோமே, அதில். கர்ப்பத்தின் முதல் பாதியில் அதன் கலங்கள் தாயின் கருப்பைச் சுவருக்குள் போய், அங்கிருக்கும் சுருள் நாடிகளை அகலமான குழாய்களாக மாற்றி அமைக்கும். ஆற்றிலிருந்து வயலுக்கு வாய்க்கால் வெட்டுவது மாதிரி. அந்த வேலை அரைகுறையாக நின்றால், பிற்பாடு தாய் எவ்வளவு சாப்பிட்டாலும் போக வேண்டிய அளவு போகாது. மாமியிடம் இதைச் சொல்லுங்கள். நீங்கள் எட்டாம் மாதம் மலை ஏறியதற்கு வெகு முன்பே, உங்களுக்கே தெரியாத ஒரு நேரத்தில், அது முடிவாகியிருக்கலாம்.

இனி, பிறந்த நிறைக்கும் பிற்கால நோய்க்கும் உள்ள தொடர்பு. இங்கிலாந்தில் ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் என்ற மாவட்டத்தில் எதெல் மார்கரெட் பர்ன்சைட் என்ற அம்மையார் மருத்துவிச்சிகளுக்குத் தலைமையாக இருந்தார். 1911 முதல் அந்த மாவட்டத்தில் பிறந்த பிள்ளைகளின் நிறை, ஒரு வயதில் மறுபடியும் நிறை, தாய்ப்பாலா புட்டிப்பாலா என்பது வரை பேரேட்டில் எழுதி வைத்தார்கள். எழுபது வருடம் கழித்து டேவிட் பார்க்கர் என்ற ஆய்வாளர் அந்தப் பேரேடுகளைத் தேடி எடுத்து, அந்தப் பிள்ளைகள் பெரியவர்களாகி என்ன ஆனார்கள் என்று பார்த்தார். 1989 இல் வெளிவந்த முடிவு: பிறப்பிலும் ஒரு வயதிலும் நிறை குறைவாக இருந்த ஆண்கள் மாரடைப்பால் இறந்தது கூடுதல். இரண்டு வருடத்தில், அதே மாவட்டத்து 64 வயது ஆண்களில் சீனி வருத்தமும் அதே பாதையில் போவதைக் கண்டார்கள். வயிற்றில் பஞ்சம் கண்ட உடம்பு பஞ்சத்துக்கே தன்னைத் தயார்ப்படுத்திக்கொள்கிறது, பிறகு நிறையச் சாப்பாடு கிடைக்கும்போது தடுமாறுகிறது என்று 1992 இல் ஹேல்ஸ் என்ற ஆய்வாளரும் பார்க்கரும் விளக்கம் சொன்னார்கள்.

நமக்கு இன்னும் நெருக்கமானது இந்தியாவில் பூனாவைச் சுற்றியுள்ள கிராமங்களில் யாஜ்னிக் என்ற மருத்துவர் நடத்திய ஆய்வு. அங்கே பிள்ளைகளின் சராசரிப் பிறப்பு நிறை 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுதாம்ப்டனில் 3.5 கிலோ. கை, வயிறு எல்லாம் பூனாப் பிள்ளைகளுக்குச் சின்னது. முதுகுத் தோலின் கீழ் உள்ள கொழுப்பு மட்டும் ஆங்கிலப் பிள்ளைகளைவிட அந்த அளவுக்குக் குறையவில்லை. பார்க்க ஒல்லி, உள்ளே கொழுப்பு. தசைதான் சீனியை எரிக்கிற அடுப்பு. அடுப்பு சிறிதாகவும் விறகு கூடுதலாகவும் இருக்கிற உடம்பு அது.

டெல்லியில் பிறப்பிலிருந்து தொடர்ந்து பார்த்தவர்களைப் பற்றி 2004 இல் வந்த ஆய்வு உங்கள் மகளின் கதையைப் போலவே இருக்கும். 26 முதல் 32 வயதுக்குள் சீனிக் கோளாறு வந்தவர்கள், சிறு வயதில் குண்டாக இருந்தவர்கள் இல்லை. இரண்டு வயதுவரை மெலிந்திருந்து, பிறகு மற்றவர்களைவிட வேகமாக நிறை ஏறியவர்கள்.

எல்லாம் சேர்த்துச் சொன்னால்: ஆம், தொடர்பு உண்டு. ஆனால் அது தலையெழுத்து இல்லை. நிறை குறைந்து பிறந்தவர்களில் பெரும்பாலோர் நன்றாக வாழ்கிறார்கள். உங்கள் மகளுக்கு ஏழு வயதில் தெரிந்துவிட்டது, சீனி அளவும் இன்னும் சரியாக இருக்கிறது. இது நல்ல நேரம். அவளைப் பட்டினி போட வேண்டாம், அவள் இன்னும் உயர வேண்டும். சீனித் தேத்தண்ணியையும் பிஸ்கட்டையும் எடுத்துவிட்டு முட்டை, பருப்பு, நெத்தலி, கீரை. ஓடி விளையாட விடுங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை உயரமும் நிறையும் சேர்த்துப் பதியுங்கள், இரத்த அழுத்தமும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். கழுத்தைத் தேய்க்காதீர்கள்.

குமரன், உயரத்தைப் பற்றி: அமெரிக்காவின் கொலராடோவில் 1997 இல் கணக்கிட்டார்கள், 1,000 மீட்டர் ஏறினால் பிறப்பு நிறை ஏறக்குறைய 100 கிராம் குறைகிறது. நுவரெலியாவுக்கு அதை அப்படியே போட்டாலும் 190 கிராம் வரும். 1.94 கிலோவுக்கு அது காரணம் ஆகாது. அதே உயரத்தில் டவுனில் இருக்கிற பிள்ளையும் அதே காற்றைத்தான் சுவாசிக்கிறது. 2016 இல் இலங்கையில் எடுத்த தேசியக் கணக்கெடுப்பில் ஐந்து வயதுக்குள் வயதுக்கேற்ற உயரம் இல்லாத பிள்ளைகள் நாடு முழுக்க நூற்றுக்கு 17, தோட்டங்களில் 32. இதைப் பரம்பரை உடம்பு என்று சொல்லி விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.


ஹட்டன் குமரன் | செவ்வாய், காலை 8.05

சரி அண்ணன், ஒத்துக்கொள்கிறேன். டவுன் பிள்ளை விஷயம் எனக்குத் தோன்றவில்லை.


அடையாறு நந்தினி | செவ்வாய், மதியம் 1.20

சென்னையிலிருந்து எழுதுகிறேன். உயிர்வேதியியல் ஆய்வகத்தில் வேலை, குழந்தைகளின் வளர்சிதை மாற்றக் கோளாறுகளுக்கான பரிசோதனைகள் செய்கிறோம். (நீங்கள் அனுசேபம் என்பதுதான் எங்களுக்கு வளர்சிதை மாற்றம். இரண்டும் ஒன்றே: உடல் உணவைச் சக்தியாகவும் தசையாகவும் மாற்றும் வேலை.)

பேராதனை வாசகன் சொன்னதோடு ஒரு விஷயம் சேர்க்க வேண்டும். "வளர்சிதைக் கோளாறு" என்று கேட்டதும் பெற்றோர் இணையத்தில் தேடிப் பயங்கரமான பெயர்களைப் பார்த்துப் பயந்துவிடுகிறார்கள். அவை பெரும்பாலும் பிறவிக் கோளாறுகள், ஒரே ஒரு மரபணு பழுதாகி ஒரு நொதி இல்லாமல் போவதால் வருபவை. மலர் அவர்களின் மகளுக்கு இருப்பது அந்த வகை என்று நினைக்க நீங்கள் சொன்னதில் எதுவும் இல்லை.

சொல்லப்போனால் அந்தப் பிறவிக் கோளாறுகளில் பல, பிறக்கும்போது எடையைக் குறைப்பதே இல்லை. உடலில் நச்சு சேர்கிற வகைக் கோளாறு உள்ள குழந்தை வயிற்றில் இருக்கும்வரை, நஞ்சுக்கொடி வழியாக அம்மாவின் உடல் அந்த நச்சை எடுத்துச் சுத்தம் செய்துவிடும். குழந்தை நல்ல எடையோடு அழகாகப் பிறக்கும். பால் குடிக்கத் தொடங்கி இரண்டு மூன்று நாளில் சோர்ந்து போகும், வாந்தி எடுக்கும், உடம்பு தொய்ந்துவிடும். நல்ல எடையில் பிறந்த குழந்தை இப்படிச் சுருண்டால் கிருமித் தொற்று என்று மட்டும் நினைக்காமல் இதையும் பார்க்க வேண்டும் என்று நாங்கள் கத்திக்கொண்டே இருக்கிறோம்.

விதிவிலக்குகள் உண்டு. எனக்கு இந்தத் துறையில் மிகப் பிடித்த பகுதி அதுதான். கருவில் குழந்தையை வளர்க்கும் முக்கிய ஹார்மோன் எது தெரியுமா? இன்சுலின். அம்மாவின் சர்க்கரை நஞ்சுக்கொடியைத் தாண்டும், அம்மாவின் இன்சுலின் தாண்டாது. குழந்தை தன் சொந்தக் கணையத்தில் சுரக்கும் இன்சுலினால்தான் வளர்கிறது. அதைச் சுரக்க முடியாத குழந்தை, அம்மா எவ்வளவு நன்றாகச் சாப்பிட்டாலும், சின்னதாகத்தான் பிறக்கும். இங்கிலாந்தில் ஹாட்டர்ஸ்லி என்ற மருத்துவரின் குழு 1998 இல் இதைத் துல்லியமாகக் காட்டியது. சர்க்கரை அளவை உணரும் ஒரு நொதியின் மரபணு குழந்தையிடம் மட்டும் மாறியிருந்தால், பிறப்பு எடை சுமார் அரை கிலோ குறைகிறது. பட்டினியே இல்லாமல் எடை குறைகிறது. ஆகவே குறைந்த எடையும் பிற்கால நீரிழிவும் ஒரே மரபணுவின் இரண்டு முகங்களாகவும் சிலரிடம் இருக்கலாம். பார்க்கர் சொன்னது ஒரு வழி, இது இன்னொரு வழி.

அம்மாவின் சாப்பாடு எல்லாவற்றையும் விளக்கிவிடாது. தன்னைக் குற்றம் சொல்லிக்கொள்ளும் ஒவ்வொரு அம்மாவுக்கும் இதைச் சொல்ல ஆசைப்படுகிறேன்.


பேராதனை வாசகன் | செவ்வாய், மாலை 4.30

நன்றி நந்தினி. இங்குள்ளவர்களுக்கு ஒரு குறிப்பு: பிறந்த பிள்ளையின் குதிகாலில் குத்திக் காகிதத்தில் தொட்டு எடுக்கிற இரத்தம் இங்கே தைரொயிட்டுக்காக. மலர் அக்கா சொன்ன இரவு நேரக் குத்து வேறு, அது சீனிக்காக. வளர்ச்சி தடைப்பட்ட பிள்ளையின் ஈரலில் சேமிப்பு இருக்காது, உடம்பில் கொழுப்பும் இருக்காது, ஆனால் பெரிய தலை சீனி கேட்டுக்கொண்டே இருக்கும். ஒரு டெசிலீட்டர் இரத்தத்தில் சீனி 47 மில்லிகிராமுக்குக் கீழே போனால் நாங்கள் விடமாட்டோம். அந்த நர்ஸ் அன்று தூங்காமல் காத்தது உங்கள் மகளின் மூளையை.


லிந்துலை மலர் | செவ்வாய், இரவு 9.10

கடைசி வரியை இரண்டு தடவை வாசித்தேன். அந்த நர்ஸின் முகம்கூட எனக்கு ஞாபகம் இல்லை. அன்று அவர் மேல் கோபம்தான் வந்தது.


பதுளை மிட்வைஃப் அக்கா | புதன், காலை 10.00

பிள்ளைகளே, நான் 31 வருடம் குடும்ப நல உத்தியோகத்தராக இருந்து ஓய்வு பெற்றவள். தோட்டப் பக்கம்தான் முழுக்க வேலை. படித்தவர்கள் பெரிய விஷயம் பேசுகிறீர்கள், நான் ஒரு நாடாவைப் பற்றிப் பேசுகிறேன்.

கிளினிக்குக்கு வருகிற தாயைப் படுக்க வைத்து, வயிற்றில் கையை வைத்து கருப்பையின் உச்சி எங்கே முடிகிறது என்று தடவிப் பார்ப்போம். அங்கிருந்து கீழே இடுப்பெலும்பு வரை நாடாவைப் பிடிப்போம். நாடாவின் எழுத்து இல்லாத பக்கம் மேலே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கண் எதிர்பார்த்த எண்ணைக் கை பிடித்துவிடும். பிறகு திருப்பிப் பார்க்க வேண்டும். 24 வாரத்துக்குப் பிறகு எத்தனை வாரமோ ஏறக்குறைய அத்தனை சென்டிமீட்டர். இரண்டு கூடக் குறைய இருக்கலாம். மூன்று நான்கு குறைந்தால், அல்லது போன தடவை இருந்த இடத்திலேயே நின்றால், ஸ்கேனுக்கு அனுப்ப வேண்டும். அவ்வளவுதான். இந்த நாடா பத்து ரூபாய்க்கு வாங்கிய காலமும் உண்டு.

ஆனால் அதே கை, அதே நாடா, அடுத்தடுத்த மாதம் அளக்க வேண்டும். தாய் ஒரு கிளினிக்கைத் தவறவிட்டால் கோடு அறுந்துவிடும். கிளினிக் நாளும் கொழுந்து நல்லா வருகிற நாளும் ஒன்றாக வந்தால் தாய் எதற்குப் போவாள்? அவளைக் குறை சொல்ல என் நாக்கு எழும்பாது. காலையில் ஆட்களுக்கு வேலை பிரிக்கிற பெரட்டுக் களத்துக்கே நான் போய் நின்று, கங்காணியிடம் சண்டை போட்டுக் கூட்டி வந்திருக்கிறேன். கொழுந்தை ஒரு நாளைக்கு மூன்று தடவை நிறுக்கிறார்கள், தண்ணீருக்கு, சாக்குக்கு என்று கழிக்கிறார்கள். வயிற்றில் இருக்கிற பிள்ளையை மாதத்துக்கு ஒரு தடவை அளக்க அரை நாள் கேட்டால் அவ்வளவு யோசனை.

மற்றது, சாப்பாட்டோடு சாயத் தேத்தண்ணி குடிக்காதீர்கள். இரும்பு மாத்திரையை அது உடம்பில் சேர விடாது. ஒரு மணித்தியாலம் தள்ளிக் குடியுங்கள். வெற்றிலையோடு புகையிலை வேண்டவே வேண்டாம், அது பிள்ளையின் நிறையைத் தின்னும். திரிபோஷா என்ற சத்துமா தாய்க்குக் கொடுப்பது, லயத்து வரிசை வீடுகளில் எல்லோருக்கும் உருண்டை பிடித்துக் கொடுக்க இல்லை. பசியுள்ள வீட்டில் தாய் மட்டும் தனியாகச் சாப்பிட மாட்டாள் என்பதும் எனக்குத் தெரியும். அதனால்தான் நான் எப்போதும் தாயோடு பேசியதைவிட மாமியாரோடு கூடுதலாகப் பேசினேன்.


தலவாக்கலை ரவி | புதன், மதியம் 12.45

லயத்து அடுப்புப் புகையையும் சேர்த்துக்கொள்ளுங்கள் அக்கா. காம்பரா ஒன்று, அதற்குள்ளேயே விறகடுப்பு. என் மனைவி மாசமாக இருந்தபோது நான் அடுப்பை வெளித் தாழ்வாரத்துக்கு மாற்றினேன். மழை நாளில் கஷ்டம்தான். ஆனாலும் மாற்றினேன்.


ஊவா பிரியா | புதன், இரவு 11.30

மிட்வைஃப் அக்கா, நீங்கள் எழுதியதைப் பார்த்துவிட்டு என் கர்ப்பிணிப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். எனக்கு 31 வாரம், முதல் பிள்ளை. 27 வாரத்தில் 26 என்று எழுதியிருக்கிறது. இந்தக் கிழமை 27. அன்று சரியான கூட்டம், அடுத்த மாதம் வரச் சொன்னார்கள். இது பரவாயில்லையா? பிள்ளை துடிப்பு, அதாவது வயிற்றில் அசைவது, இருக்கிறது, ஆனால் முந்தி மாதிரி இல்லையோ என்று தோன்றுகிறது. நான் நினைத்துக்கொள்கிறேனோ தெரியவில்லை.


பதுளை மிட்வைஃப் அக்கா | வியாழன், காலை 5.05

மகள், இப்போதுதான் பார்த்தேன். அடுத்த மாதம்வரை நிற்காதே. இன்றைக்கே போ. மகப்பேற்று டொக்டர் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்கு நேராகப் போ. பதிவேட்டை எடுத்துக்கொள். "நாலு வாரத்தில் ஒரு சென்டிமீட்டர்தான் ஏறியிருக்கு, துடிப்புக் குறைஞ்சிருக்கு" என்று இந்த வார்த்தையிலேயே சொல். துடிப்புக் குறைந்தது என்று ஒரு தாய் சொன்னால் அது நினைப்பு இல்லை. வெறும் கையோடு போகாதே, தங்க வேண்டி வந்தால் ஒரு உடுப்பு, ஒரு போர்வை.


பேராதனை வாசகன் | வியாழன், காலை 6.20

அக்கா சொன்னதை அப்படியே செய்யுங்கள் பிரியா. ஸ்கேனில் பிள்ளையின் நிறையைக் கணக்கிடுவார்கள். டொப்ளர் என்று தொப்புள்கொடியில் இரத்தம் எப்படி ஓடுகிறது என்றும் பார்ப்பார்கள், அதுதான் முக்கியம்.


கொட்டகலை டீச்சர் | வியாழன், மாலை 6.00

பிரியா போய்விட்டாரா என்று பார்க்க மூன்று தடவை இந்தப் பக்கம் வந்துவிட்டேன். ஒரு கேள்வி தம்பி: இப்படி நின்றுபோன பிள்ளையை வயிற்றுக்குள்ளேயே வளர வைக்க மருந்து ஏதும் இல்லையா?


பேராதனை வாசகன் | வியாழன், இரவு 8.40

இல்லை டீச்சர். தேடாமலும் இல்லை. இரத்தக் குழாயை விரிக்கிற சில்டெனாஃபில் என்ற மருந்தைக் கர்ப்பிணிகளுக்குக் கொடுத்துப் பல நாடுகளில் சோதித்தார்கள். எல்லோருக்கும் பெரிய நம்பிக்கை இருந்தது. 2018 இல் நெதர்லாந்தில் நடந்த பகுதியை இடையிலேயே நிறுத்த வேண்டி வந்தது. மருந்து எடுத்த தாய்மாரின் பிள்ளைகள் சிலருக்குப் பிறந்த பிறகு நுரையீரல் இரத்தக் குழாயில் கடுமையான பிரச்சினை, இறப்புகளும் நேர்ந்தன. நல்லெண்ணத்தோடு செய்தது. அதனால்தான் "யாரோ ஒரு மாத்திரை சொன்னார்" என்று கேட்டால் நாங்கள் பதறுகிறோம்.

இப்போதைக்கு மருத்துவம் என்பது நேரம் பார்ப்பதுதான். உள்ளே இருப்பது ஆபத்தா, வெளியே வருவது ஆபத்தா என்று நாளுக்கு நாள் நிறுத்துப் பார்ப்பது. 34 வாரத்துக்கு முன் எடுக்க வேண்டி வரும்போது, நுரையீரல் முதிர்ச்சிக்கு ஊசி போட்டுத் தயார் செய்வார்கள்.

மலர் அக்கா, அடுத்த பிள்ளை என்று யோசித்தால் கிளினிக்கில் பதியும் முதல் நாளே "மூத்தவள் 1.94 கிலோ" என்று சொல்லுங்கள். ஆபத்து உள்ள தாய்மாருக்குக் குறைந்த அளவு அஸ்பிரின் கொடுப்பதுண்டு, 16 வாரத்துக்கு முன்பே தொடங்கினால்தான் பலன். முன்னே சொன்ன வாய்க்கால் வெட்டுகிற காலம் அது. தேவையா இல்லையா என்பதை டொக்டர்தான் தீர்மானிக்க வேண்டும்.


லிந்துலை மலர் | ஞாயிறு, மாலை 3.15

இரண்டு நாளாக ஒன்று மனதில் ஓடிக்கொண்டே இருந்தது. அந்த இங்கிலாந்துப் பேரேடு. நேற்று அம்மாவைப் பார்க்கப் போனேன். அம்மாவின் தகரப் பெட்டியில் என் பழைய கிளினிக் அட்டை இருக்கிறது என்று தெரியும், ஒரு நாளும் திறந்து பார்த்ததில்லை. மடிப்பில் கிழிந்து, மை மங்கி இருக்கிறது. நான் பிறந்த நிறை 2.1 கிலோ.

அம்மாவிடம் கேட்டேன், "நீங்கள் பிறந்தபோது எவ்வளவு?" அம்மா சிரித்தார். "எங்க காலத்துல கொழுந்தைத்தான் றாத்தல்ல நிறுத்தாங்க" என்றார். பிறகு தானாகவே சொன்னார். பாட்டி பிள்ளை பெற்று ஒரு மாதத்தில் மலைக்குப் போனது, அம்மாவைப் பிள்ளை மடுவத்தில், அதாவது தோட்டத்துப் பிள்ளைக் காப்பகத்தில், விட்டது, பகலில் இரண்டு தடவை ஓடி வந்து பால் கொடுத்தது. அம்மா பத்து வயதில் வீட்டில் கடைசியாகச் சாப்பிடுவாராம், அண்ணன்மார் சாப்பிட்ட பிறகு. நானும் அப்படித்தான் சாப்பிட்டேன். யாரும் சொல்லித்தரவில்லை, அது அப்படியே வந்தது.

நான் 2.1, மகள் 1.94. இதற்கும் ஆய்வு இருக்கிறதா?


பேராதனை வாசகன் | ஞாயிறு, இரவு 10.50

இருக்கிறது அக்கா. குவாத்தமாலாவில் 1969 இல் தொடங்கினார்கள். சில கிராமங்களில் சிறு பிள்ளைகளுக்குப் புரதம் உள்ள கஞ்சி, வேறு சில கிராமங்களில் புரதம் இல்லாத இனிப்புப் பானம். அந்தப் பெண் பிள்ளைகள் வளர்ந்து தாய்மாரானபோது, சின்ன வயதில் கஞ்சி குடித்தவர்களின் பிள்ளைகள் மற்றவர்களின் பிள்ளைகளைவிட சராசரியாக 100 கிராமுக்கு மேல் கூடுதல் நிறையோடு பிறந்தார்கள். பாட்டி காலத்தில் ஊற்றிய கஞ்சி பேரப்பிள்ளையின் தராசில் தெரிந்தது.

மும்பைச் சேரிகளில் நடந்த இன்னொன்று. பெண்களுக்குக் கர்ப்பத்துக்கு முன்பிருந்தே தினமும் கீரை, பழம், பால் சேர்த்துச் செய்த சிற்றுண்டி கொடுத்தார்கள். கருவுற மூன்று மாதத்துக்கு முன்பே சாப்பிடத் தொடங்கியவர்களின் பிள்ளைகளுக்குச் சுமார் 48 கிராம் நிறை கூடியது. சின்ன எண்தான். ஆனால் கர்ப்ப காலச் சீனி வருத்தமும் அந்தப் பெண்களிடம் குறைந்தது.

ஒன்பது மாதத்தில் தாயின் வாயில் திணிப்பதால் மட்டும் இது தீராது என்று எனக்கு இவை இரண்டும் சொல்லித்தந்தன. தோட்டத்தில் பத்து வயதில் கடைசியாகச் சாப்பிடுகிற பெண் பிள்ளையிடமிருந்து தொடங்க வேண்டும்.


கொட்டகலை டீச்சர் | திங்கள், காலை 6.30

என் வகுப்பில் பதினாறு பெண் பிள்ளைகள். காலையில் வெறும் தேத்தண்ணியோடு வருகிறவர்கள் யார் யார் என்று எனக்குப் பெயர் பெயராகத் தெரியும். இதுவரை அதைப் படிப்புப் பிரச்சினையாகத்தான் பார்த்தேன். இந்த இழையை அச்செடுத்து அதிபரிடம் கொண்டுபோகிறேன். காலையில் ஒரு அவித்த முட்டைக்கு வழி தேடப் போகிறேன், பழைய மாணவர்களைக் கேட்டால் முடியும்.


ஊவா பிரியா | மூன்று வாரம் கழித்து, சனி, இரவு 8.20

எல்லோருக்கும். போனில் ஒரு கையால் எழுதுகிறேன்.

அன்றே போனேன். ஸ்கேனில் பிள்ளை 31 வாரத்துக்கு மிகவும் சிறிது என்றார்கள். கொடியில் இரத்தம் ஓட்டம் குறைந்திருக்கிறது என்று வார்டில் படுக்க வைத்தார்கள். ஊசி இரண்டு போட்டார்கள். கிழமைக்கு இரண்டு தடவை டொப்ளர், பிறகு தினமும். போன செவ்வாய் இரத்தம் இடையில் நின்று நின்று போகிறது என்று சொல்லி சிசேரியன் செய்தார்கள், 34 வாரம். பெண் பிள்ளை. 1.58 கிலோ.

முதல் தடவை சீனி 38 என்றார்கள், எனக்கு மலர் அக்காதான் ஞாபகம் வந்தார். பிறகு 52, பிறகு 61. இப்போது என் நெஞ்சுக்கு மேல், சட்டைக்குள்ளே இருக்கிறாள். கங்காரு மாதிரி வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். சூடாக இருக்கிறாள். மூச்சு என் கழுத்தில் படுகிறது. பால் கறந்து சின்னக் கோப்பையில் கொடுக்கிறார்கள், மூன்று மணித்தியாலத்துக்கு ஒரு தடவை.

மிட்வைஃப் அக்கா, இங்கே சரியான குளிர். வீட்டுக்குப் போன பிறகு எப்போது குளிக்க வார்க்கலாம்?


பதுளை மிட்வைஃப் அக்கா | சனி, இரவு 8.35

என் தங்கமே. குளிப்பாட்ட அவசரப்படாதே. நிறை நல்லா ஏறட்டும், ஆஸ்பத்திரியில் சொல்லும்வரை இளஞ்சூட்டுத் துணியால் துடைத்தால் போதும். நெஞ்சிலிருந்து இறக்காதே, அசந்தால் அவருடைய நெஞ்சில் மாற்றிப் போடு, அப்பாவுக்கும் சூடு இருக்கிறது. தலையில் தொப்பி கட்டாயம். தலையாலும் நிறையச் சூடு போய்விடும்.


பேராதனை வாசகன் | சனி, இரவு 9.15

வாழ்த்துகள் பிரியா. வீட்டுக்குப் போகும்போது பிறந்த நிறை, நீளம், தலைச் சுற்றளவு மூன்றும் பிள்ளையின் பதிவேட்டில் எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். முதல் இரண்டு வருடம் நன்றாக உயரட்டும். அதற்குப் பிறகு நிறை தனியாக ஓடாமல் உயரத்தோடு சேர்ந்து போகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.


லிந்துலை மலர் | சனி, இரவு 9.30

பிரியா, தலைச் சுற்றளவு எவ்வளவு? என் மகளின் கம்பளித் தொப்பி இரண்டு பெட்டியில் இருக்கிறது. அம்மா பின்னியது.


ஊவா பிரியா | சனி, இரவு 9.50

30 சென்டிமீட்டர் அக்கா.


லிந்துலை மலர் | சனி, இரவு 9.55

இவள் பிறந்தபோது 32. ஓரத்தை ஒரு மடிப்பு மடித்துப் போட்டால் சரியாக வரும். கழுவிக் காயவைத்து, திங்கட்கிழமை பதுளை பஸ்ஸில் கொடுத்துவிடுகிறேன். மகளும் ஒரு படம் வரைந்து உள்ளே வைக்கப் போகிறாளாம்.